வேற்றுச் சமயத்தில் இறந்த உறவினருக்காக மன்றாடுவது எப்படி? கத்தோலிக்கருக்கான முழுமையான வழிகாட்டி

திருமுழுக்குப் பெறாமல் இறந்த தாய் தந்தையருக்காகவும், தாத்தா பாட்டிக்காகவும், மணவழி வந்த உறவினருக்காகவும் ஒரு கத்தோலிக்கர் என்ன செய்யலாம், எதை முதலில் செய்ய வேண்டும் என்பதை இந்த வழிகாட்டி வரிசையாகக் கூறுகிறது. வளர்ந்த பின் திருமுழுக்குப் பெற்றவர்களையும் வேற்றுச் சமயக் குடும்பத்தில் மணம் முடித்தவர்களையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

பங்கில் புதிதாகச் சேர்வோருக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும்போது நான் காண்பது, அவர்களில் பெரும்பாலோர் மன்றாடத் தெரியாமல் தடுமாறுவதில்லை என்பதே. "அப்பா இப்போது எங்கே இருக்கிறார்?" என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகுதான் மன்றாட வேண்டும் என்று எண்ணி, ஆண்டுக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடுகிறார்கள். ஆகவே பின்வரும் படிகளின் வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

1. தொடங்குமுன் தேவைப்படுபவை

முதல் தேவை, கத்தோலிக்கப் பதிப்பாகிய முழுத் திருவிவிலியம். இறந்தோருக்காக மன்றாடுவதற்கு ஆதாரமான மக்கபேயர் இரண்டாம் நூல் சீர்திருத்தச் சபையினரின் பதிப்புகளில் இராது. அந்தப் பதிப்பை வைத்துக்கொண்டு "வேதத்தில் இல்லையே" என்று கேட்கும் உறவினர் முன் வாயடைத்து நிற்பவர்களை அடிக்கடி பார்க்கலாம்.

இரண்டாவதாக, இறந்தவரின் பெயரையும் இறந்த நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். இந்துக் குடும்பங்கள் பெரும்பாலும் திதியையே நினைவில் வைத்திருப்பதால் ஆங்கிலத் தேதி தெரியாமல் போகும். இறப்புச் சான்றிதழில் பார்த்துக்கொள்ளலாம். தேதி கிடைக்கவில்லையென்றால் அதற்காக நின்றுவிட வேண்டாம், ஏனெனில் மன்றாட்டின் பலன் நாளைப் பொறுத்தது அன்று.

மூன்றாவதாக, உயிரோடிருக்கும் குடும்பத்தாரின் மனநிலையை அறிந்துகொள்ளுங்கள். எதை வெளிப்படையாகச் செய்யலாம், எதைத் தனியே செய்யலாம் என்பதை அதுவே முடிவு செய்யும்.

2. முதலில் கேள்வியைத் திருத்திக்கொள்ளுங்கள்

"அவர் மீட்படைந்தாரா?" என்பது நம்மால் விடை காண முடியாத கேள்வி. "அவருக்காக நம்பிக்கையோடு மன்றாடலாமா?" என்பதற்குத் திருச்சபை தெளிவாக விடை தந்திருக்கிறது. இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும்.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 847, 1257, 1260, 1058 ஆகிய நான்கு எண்களையும் இதே வரிசையில் வாசியுங்கள். தம் தவறின்றி நற்செய்தியை அறியாதிருந்து, நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின் வழியாகத் தாம் அறிந்த அவரது திருவுளத்தைச் செய்ய அருளின் தூண்டுதலால் முயன்றவர்கள் மீட்படையக்கூடும் என்கிறது முதல் எண். இது 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தின் 16-ஆம் எண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு இணைத்திருந்தாலும் அவர் தம் அருளடையாளங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்பது இரண்டாவது. நற்செய்தியை அறியாதிருந்தும் உண்மையைத் தேடி வாழ்ந்தவர், திருமுழுக்கின் தேவையை அறிந்திருந்தால் அதை வெளிப்படையாகவே விரும்பியிருப்பார் என்று கருதலாம் என்பது மூன்றாவது. ஒருவரும் அழிந்துபோகக் கூடாது என்று திருச்சபை மன்றாடுகிறது என்பது நான்காவது.

இவற்றை வாசித்ததும் மனம் இரண்டு பக்கமாகச் சாயும். ஒரு சாரார், "அப்பா நல்லவர், எனவே நிச்சயம் விண்ணகத்தில்தான் இருக்கிறார்" என்று முடித்துவிடுகிறார்கள். மேற்கண்ட பகுதிகள் "கூடும்" என்றே பேசுகின்றன. உறுதியாகிவிட்டதாக எண்ணுகிறவர் மன்றாடுவதை நிறுத்திவிடுவார் என்பதே இதிலுள்ள நடைமுறைத் தீங்கு. மறுசாரார், "திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை" என்ற பழைய வாக்கியத்தை எங்கோ வாசித்துவிட்டு நம்பிக்கையைக் கைவிடுகிறார்கள். 1442-இல் புளோரன்ஸ் சங்கத்தில் வெளியான கடுமையான வாசகத்தை இவர்களுக்கு யாராவது அனுப்பியிருப்பார்கள். அந்தக் கோட்பாட்டை எவ்வாறு புரிந்துகொள்ள வேண்டும் என்று 1949-இல் உரோமைத் திருப்பீடம் பாஸ்டன் பேராயருக்கு எழுதிய கடிதம், திருச்சபையின் உறுப்பினராக நடைமுறையில் சேராதவரும் உள்ளார்ந்த விருப்பத்தால் அதனோடு இணைந்திருக்க முடியும் என்று விளக்கியிருப்பதை அவர்களுக்கு யாரும் அனுப்புவதில்லை.

திருச்சபை பலரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. ஆனால் பெயர் குறிப்பிட்டு ஒருவரையும் நரகத்தில் இருப்பதாக அறிவித்ததில்லை. அது செய்யாத தீர்ப்பை நாம் வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டியதில்லை.

இந்தப் படியை முடிக்குமுன் 2 மக்கபேயர் 12:38-45 பகுதியை மெதுவாக வாசியுங்கள். போரில் மடிந்த யூத வீரர்களின் ஆடைக்குள் யாம்னியா நகரச் சிலைகளின் தாயத்துகள் இருந்ததைக் கண்ட பின்பும் யூதா மக்கபே அவர்களுக்காக மன்றாடினார். காணிக்கை திரட்டிப் பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பினார். அவர்கள் இறைமக்களைச் சேர்ந்தவர்கள் என்பதால் நம் உறவினரின் நிலைக்கு இது முழுவதும் பொருந்தாது. ஆயினும் தாயத்தைக் கண்டதும் "இவர்கள் முடிந்தார்கள்" என்று அவர் விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

3. இறந்தவரின் நிலையைச் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்

"வேறு சமயம்" என்று எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால், பங்கு அலுவலகத்தில் தவறான வேண்டுகோளை வைக்க நேரும். வழிமுறை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

திருமுழுக்குக்காகத் தயாரித்துக்கொண்டிருந்த நிலையில் இறந்தவரை, அடக்கச் சடங்கைப் பொறுத்தவரை, திருச்சபைச் சட்டம் 1183 கிறிஸ்தவ விசுவாசிகளோடு சேர்த்தே எண்ணுகிறது. இது தெரியாமல் கோயில் அடக்கத்தை இழந்த குடும்பங்கள் உண்டு. பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்து அதற்குள் இறந்த குழந்தைக்கும் ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு நடத்தலாம். அத்தகைய குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கலாம் என்று மறைக்கல்வி எண் 1261 கூறுகிறது.

சி.எஸ்.ஐ., லூத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளைச் சேர்ந்த உறவினர் திருமுழுக்குப் பெற்றவர்கள். குடும்பத்தாரோ நண்பரோ உண்மையான சமய நோக்கத்தோடு கேட்டு, அதனால் பிறருக்கு இடறல் ஏற்படாது என்றால், அவர்களுக்காகப் பொதுத் திருப்பலி நிறைவேற்ற 1976-இல் உரோமை அனுமதி அளித்தது. இறந்தோருக்காக மன்றாடுவதையே ஏற்காத வீடாக இருந்தால் அமைதியாகச் செய்வது நல்லது.

தற்கொலை செய்துகொண்டவருக்காக மன்றாடக் கூடாது என்ற எண்ணம் ஊரில் இன்றும் இருக்கிறது. அது தவறு. மறைக்கல்வி எண் 2283 அவர்களது மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் கூறுகிறது.

4. திருப்பலிக் கருத்து எழுதுங்கள்

இந்து, இஸ்லாமிய அல்லது எந்தச் சமயமும் சாராத உறவினருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாமா என்பதே பலருக்கும் உள்ள ஐயம். உயிரோடிருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் திருப்பலியை ஒப்புக்கொடுக்கக் குரு உரிமை பெற்றிருக்கிறார் என்பது திருச்சபைச் சட்டம் 901. இதில் சமய வேறுபாடு குறிப்பிடப்படவில்லை.

மூன்று வேறு காரியங்கள் இங்கே குழம்பிப்போகின்றன. அடக்கத் திருப்பலி என்பது ஒன்று. அது திருமுழுக்குப் பெறாத பெரியவர்களுக்குப் பொதுவாக நடத்தப்படுவதில்லை. திருப்பலியின் கருத்தாக ஒருவரை வைப்பது, அதாவது அந்தத் திருப்பலியை அவருக்காக ஒப்புக்கொடுக்கச் சொல்வது, இரண்டாவது. இதுவே நீங்கள் கேட்க வேண்டியது. பெயரை மக்கள் முன் வாசிப்பது மூன்றாவது. இது பங்குத்தந்தையின் முடிவுக்கு உரியது. அலுவலகத்தில் "அப்பாவுக்கு அடக்கப் பூசை வைக்கணும்" என்று சொன்னால் மறுப்பு வரும். "இறந்த என் தந்தைக்காகத் திருப்பலிக் கருத்து எழுத வேண்டும், அவர் இந்து" என்று சொன்னால் வேலை எளிதாக முடியும். அவர் திருமுழுக்குப் பெறாதவர் என்பதை மறைக்காதீர்கள். பெயரை வாசிப்பதா, எங்கே சேர்ப்பது என்று குரு தீர்மானிக்க அந்தத் தகவல் தேவைப்படுகிறது.

பெயர் வாசிக்கப்படுவதை நீங்கள் விரும்பினாலும், உடன்பிறந்தோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தங்கள் தகப்பனாரைக் கோயிலில் "சேர்த்துவிட்டார்கள்" என்று அவர்கள் பிறர் வழியாகக் கேள்விப்பட்டால் மனம் புண்படுவது இயல்பு. அவர்கள் விரும்பாவிட்டால் "ஒரு குடும்பத்தின் இறந்த உறவினருக்காக" என்று மட்டும் எழுதச் சொல்லலாம். பலன் குறைவதில்லை.

காணிக்கை திருப்பலியின் விலை இல்லை. காணிக்கை கொடுக்க இயலாத ஏழைகளின் கருத்துக்காகவும் திருப்பலி நிறைவேற்றுமாறு சட்டம் 945 குருக்களை வலியுறுத்துகிறது. கையில் பணமில்லை என்பதற்காகத் தள்ளிப்போடாமல் குருவிடம் நேரில் சொல்லுங்கள். பல பெயர்களை ஒன்றாக வாசிக்கும் ஞாயிறு திருப்பலி வேறு, ஒரே கருத்துக்காக நிறைவேற்றும் திருப்பலி வேறு. காணிக்கை அளித்தவர்கள் அறிந்து இசைந்தால் கூட்டுக் கருத்துத் திருப்பலியை வாரத்தில் இரண்டு நாள்களுக்கு மேற்படாமல் நிறைவேற்றலாம் என்று 1991-ஆம் ஆண்டு ஆணை கூறியிருந்தது; 2025-இல் இதுபற்றிப் புதிய ஆணை வந்திருக்கிறது. தனிக் கருத்து வேண்டுமென்றால் வாரநாள் திருப்பலியைக் கேட்பது நல்லது.

கருத்து எழுதிவிட்டு வீட்டிலிருப்பது பெருந்தவறு. இயன்றால் ஒப்புரவு அருளடையாளம் பெற்று, அந்தத் திருப்பலியில் பங்கேற்று, நற்கருணை உட்கொள்ளுங்கள். அப்பத்தையும் இரசத்தையும் அர்ச்சிக்கும்போது குரு செபிக்கும் நற்கருணை மன்றாட்டையும் கூர்ந்து கேளுங்கள்; அதற்குப் பல வடிவங்கள் உண்டு. இரண்டாம் நற்கருணை மன்றாட்டு, உயிர்த்தெழும் நம்பிக்கையோடு துயில்கொள்வோரை மட்டுமன்றி, இறைவனின் இரக்கத்தில் இறந்த அனைவரையும் நினைவுகூருகிறது. நான்காம் மன்றாட்டு இன்னும் ஒரு படி சென்று, எவருடைய விசுவாசத்தைக் கடவுள் மட்டுமே அறிந்திருக்கிறாரோ அந்த இறந்தோர் அனைவரையும் குறிப்பிடுகிறது. வேற்றுச் சமயத்தில் இறந்த பெற்றோரை உடையவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் திருப்பலியில் இல்லை என்பேன். ஆனால் நான்காம் மன்றாட்டுக்கு மாற்ற முடியாத தனித் தொடக்கவுரை இருப்பதால் இறந்தோருக்கான திருப்பலியில் அது பயன்படுவதில்லை. பொதுக்காலத்தின் சாதாரண நாள் ஒன்றைத் தேர்ந்து, அன்று இதைப் பயன்படுத்த இயலுமா என்று குருவிடம் பணிவோடு கேட்கலாம்.

5. வீட்டில் செபிக்கும் முறை

வீட்டுச் செபத்தில் முதலில் நன்றி, பிறகு மன்னிப்பு, அதன் பின் வேண்டுதல் என்று செல்லுங்கள். மன்னிப்பை நடுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. திருமுழுக்குப் பெற்றதற்காக வீட்டைவிட்டு அனுப்பிய தந்தைக்காக மன்றாட வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காயத்தைத் தொடாமல் தாண்டிச் செல்லும் செபம் சில வாரங்களில் வறண்டுவிடுகிறது. மன்றாட நிற்கும்போது யார்மேலாவது மனத்தாங்கல் இருந்தால் மன்னியுங்கள் என்று மாற்கு 11:25-இல் ஆண்டவர் சொன்னது இறந்தவருக்கும் பொருந்தும்.

தொடங்குவோருக்காக நான் எழுதிக்கொடுக்கும் செபம் இது:

"ஆண்டவரே, என் தந்தையின் வழியாக எனக்கு உயிரும் உணவும் கல்வியும் தந்தீர், நன்றி. அவர் எனக்குச் செய்த தீங்குகளை மன்னிக்கிறேன். நான் அவருக்குச் செய்தவற்றை நீர் மன்னித்தருளும். அவர் உம்மை எவ்வாறு தேடினார் என்பதை நீர் அறிவீர். உம் திருமகன் அவருக்காகவும் சிலுவையில் இறந்தார். அந்த இரக்கத்தில் அவரை ஒப்படைக்கிறேன். ஆமென்."

இதன் பின் திருப்பாடல் 130-ஐச் சொல்லலாம். குற்றங்களை நீர் மனத்தில் கொண்டால் யார் நிலைத்து நிற்க முடியும் என்று கேட்கும் அந்தப் பாடல், செபிக்கிறவரையும் இறந்தவரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது. செபமாலையில் ஒவ்வொரு பத்து மணியின் முடிவிலும் "உமது இரக்கம் யாருக்கு அதிகம் தேவையோ" என்ற இடத்தில் அவரை நினைத்துக்கொள்ளலாம். இறை இரக்க நவநாளின் நான்காம் நாள், கடவுளை நம்பாதவர்களுக்கும் இயேசுவை இன்னும் அறியாதவர்களுக்கும் உரியது.

"அவர் இறந்து இருபது ஆண்டுகள் ஆயிற்று, தீர்ப்பும் முடிந்தது, இப்போது மன்றாடி என்ன பயன்?" என்ற கேள்வி இந்த இடத்தில்தான் வரும். ஒவ்வொருவரும் இறந்தவுடன் தனித்தீர்ப்பைப் பெறுகிறார் என்பது உண்மை. நரகத்திலிருப்பவரை மன்றாட்டு மீட்காது என்பதும் உண்மை. ஆனால் காலத்தின் எல்லாக் கணங்களும் கடவுளுக்கு முன் நிகழ்காலமாக இருக்கின்றன என்று மறைக்கல்வி எண் 600 கூறுவதால், இன்று நீங்கள் செய்யும் மன்றாட்டை அவரது இறுதி மூச்சின்போதே கடவுள் அறிந்திருந்தார் என்று நம்பலாம். பிறருடைய இதயத்தைத் தொடுவதற்குக் காலம் கடந்துவிடுவதில்லை என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007-இல் எழுதிய, எதிர்நோக்கு பற்றிய சுற்றுமடலின் 48-ஆம் எண்ணையும் வாசியுங்கள்.

6. நவம்பர் மாதம்

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்தைச் சந்தித்து, மனத்தளவிலேனும் இறந்தோருக்காக மன்றாடுகிறவர், நாளொன்றுக்கு ஒன்றாக, இறந்தோருக்கு ஒப்புக்கொடுக்கும் பரிபூரண பலனை (மன்னிக்கப்பட்ட பாவங்களுக்குரிய தண்டனையைத் திருச்சபை முழுவதும் நீக்குவதை) பெறலாம். நவம்பர் 2 அன்று கோயிலைச் சந்தித்து, இயேசு கற்பித்த செபத்தையும் விசுவாச அறிக்கையையும் சொல்லியும் பெறலாம். ஒப்புரவு, நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்களுக்காக மன்றாடுதல், சிறு பாவத்தின் மீதும் பற்றில்லாத மனம் ஆகியவை நிபந்தனைகள்.

தகனம் செய்து ஆற்றிலோ கடலிலோ சாம்பலைக் கரைத்த குடும்பத்தினர், "எங்கள் அப்பாவுக்குக் கல்லறையே இல்லையே" என்று அன்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அவருடைய கல்லறையைத்தான் சந்திக்க வேண்டும் என்று நிபந்தனை இல்லை. எந்தக் கல்லறைத் தோட்டத்துக்கும் செல்லலாம். பலன் மன்றாட்டின் வடிவிலேயே கடவுளிடம் ஒப்படைக்கப்படுவதால், அது யாருக்கு எவ்வாறு சேர்கிறது என்று கணக்குப் பார்ப்பது நம் வேலை இல்லை.

7. வீட்டில் நடக்கும் காரியங்களில் எதுவரை நிற்கலாம்

அதிகமான சண்டைகள் எழுவது இங்கேதான். இதற்கான பேச்சைச் சாவு வீட்டில் தொடங்கக் கூடாது. நோய் நீண்டிருக்கும்போதே அண்ணன் தம்பிகளிடமும் பங்காளிகளிடமும் "நான் இதையெல்லாம் செய்வேன், இதைச் செய்ய இயலாது, அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டால், பந்தலுக்கு அடியில் அவமானங்கள் நேராது.

உடலைக் கழுவுதல், மாலை சாத்துதல், பாடை சுமத்தல், செலவில் பங்கேற்றல், விருந்தினரைக் கவனித்தல் ஆகியவை மகனும் மகளும் செய்ய வேண்டிய கடமைகள். தாய் தந்தையை மதித்து நட என்ற கட்டளைக்குள்ளேயே அவை அடங்கும். பிண்டம் வைத்தல், தர்ப்பணம் கொடுத்தல், இறந்தவருக்குப் படைத்து வணங்குதல் ஆகியவை வழிபாட்டுச் செயல்கள். அவற்றைத் தவிர்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே கிடப்பவையே சிக்கலானவை. தகனத்தைத் திருச்சபை 1963 முதல் அனுமதித்திருப்பதால், கொள்ளி வைப்பதில் தீ மூட்டும் செயல் மட்டும் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதனோடு சேர்ந்துவரும் மந்திரமும் பிண்டமும் ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி வேறுபடும். வாய்க்கரிசியும் மொட்டையும் அப்படியே. உங்கள் வீட்டு முறையைப் பங்குத்தந்தையிடம் விவரமாகச் சொல்லிக் கேளுங்கள், "காரியம் செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான விடைதான் கிடைக்கும்.

படையல் உணவைப் பற்றி 1 கொரிந்தியர் 10:27-29 போதிய வழி காட்டுகிறது. பரிமாறியதைக் கேள்வி கேட்காமல் உண்ணலாம். "இது படைத்தது" என்று ஒருவர் உங்களிடம் எடுத்துச் சொன்னால் அவருடைய மனச்சான்றின் பொருட்டுத் தவிர்க்க வேண்டும்.

விலகி நிற்பதை மட்டும் குடும்பத்தார் பார்த்தால் கசப்பே மிஞ்சும். நினைவு நாளில் அன்னதானத்துக்கான அரிசியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். தர்மம் செய்வது சாவிலிருந்து காப்பாற்றும் என்கிறது தோபித்து 12:9. ஏழைகளுக்கு உணவளிப்பதில் இரு சமயத்தாருக்கும் மறுப்பிராது. அப்பாவின் பெயரில் பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபை வழியாக ஒரு மாணவரின் கட்டணத்தையும் செலுத்தலாம்.

8. தவிர்க்க வேண்டியவை

நினைவிழந்து படுத்திருக்கும் பாட்டிக்குத் தெரியாமல் நெற்றியில் தண்ணீர் ஊற்றிவிடும் பேரப்பிள்ளைகள் உண்டு. சாகும் வேளையிலும், வயதுவந்தவர் ஏதேனும் ஒரு வகையில் தம் விருப்பத்தை வெளிப்படுத்தியிருக்க வேண்டும் என்று சட்டம் 865 கேட்கிறது. இறந்த பின் திருமுழுக்கோ நோயில்பூசுதலோ கிடையாது; அருளடையாளங்கள் உயிரோடிருப்பவர்களுக்கே உரியவை.

இறந்தவரிடம் பேசுவதற்காகக் குறி கேட்பதும் ஆவி இறக்குவதும் மறைக்கல்வி எண் 2116 விலக்கியவை. கனவில் அவர் பசியோடு வந்தார் என்றால் கோடாங்கியிடம் ஓடாமல் அன்றே ஒரு செபம் சொல்லுங்கள்.

இவற்றைவிட நுட்பமாக உள்ளே வருவது "முன்னோர் சாபம்" என்ற போதனை. சிலை வழிபாடு செய்த தாத்தாவினால்தான் பேத்திக்குத் திருமணம் தடைப்படுகிறது என்று கூறி, குடும்ப மரத்தைக் குணமாக்கும் செபமும் திருப்பலியும் வைக்கச் சொல்வார்கள். போலந்து ஆயர்கள் 2015-இலும் ஸ்பெயின் ஆயர்கள் 2024-இலும் இந்தப் பழக்கத்தை நிராகரித்திருக்கிறார்கள். தந்தையின் குற்றத்தை மகன் சுமக்க மாட்டான் என்கிறது எசேக்கியேல் 18:20. இதன் பெருங்கேடு, நமக்காக உழைத்து மாண்டவர்களை நம் துன்பத்துக்குக் காரணமான குற்றவாளிகளாக மாற்றி, அவர்களுக்கான மன்றாட்டை அவர்களிடமிருந்து தப்பிக்கும் வழியாக ஆக்கிவிடுவது.

9. எவ்வளவு காலம்?

எல்லை எதுவும் வகுக்கப்படவில்லை. முதல் ஆண்டில் முப்பதாம் நாளிலும் ஆண்டு நினைவிலும் திருப்பலிக் கருத்து எழுதி, அதன் பின் ஆண்டுக்கு ஒரு முறை எழுதினால் பெரும்பாலான குடும்பங்களால் தொடர முடிகிறது. தொடக்கத்தில் வாரந்தோறும் எழுதுகிறவர்கள் சில மாதங்களில் சோர்ந்து முழுவதும் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இதை விட்டுவிட்டதற்காக அஞ்சி அருள்பணியாளரிடம் வருகிறவர்களும் உண்டு. அஞ்சத் தேவையில்லை, அடுத்த தேதியில் மீண்டும் தொடங்கலாம்.

நாள்தோறும் சொல்லும் செபத்தில் பெயர்ப் பட்டியல் நீண்டுவிட்டால், மாதத்தின் நாள்களுக்குப் பிரித்து ஒவ்வொருவரையும் ஒரு நாளில் நினைவுகூருங்கள். பெயர் தெரியாத முந்தைய தலைமுறையினருக்கு மாதத்தின் கடைசி நாளை ஒதுக்கலாம்.